கடவுள் சொல்லாவிட்டாலும் திருட்டு தவறுதானா?

கேள்வி இது: "எங்கள் வீட்டில் சாமி கும்பிடும் பழக்கம் இல்லை. மகளுக்கு ஐந்து வயது. மதம் இல்லாமல் வளர்கிற பிள்ளைக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும் என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மதத்தை எடுத்துவிட்டால் சரி, தவறு என்ற உணர்வு எங்கிருந்துதான் வருகிறது?"

உங்கள் மாமியாரின் கவலையை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் பெரும்பாலோர் அவர் பக்கம்தான் இருக்கிறார்கள். ஒழுக்கமாக வாழக் கடவுள் நம்பிக்கை அவசியமா என்று பியூ ஆய்வு மையம் 2019-ல் 34 நாடுகளில் கேட்டது. இந்தியாவில் 79 சதவீதம் பேர் அவசியம் என்றார்கள். ஸ்வீடனில் அப்படிச் சொன்னவர்கள் 9 சதவீதம். ஸ்வீடனில் யாரும் ஒழுக்கம் கெட்டுத் திரியவில்லையே என்று உடனே கேட்கத் தோன்றும். ஆனால் அந்த நாட்டின் பழக்கவழக்கங்களுக்குப் பின்னால் பல நூறு ஆண்டுக் கிறிஸ்தவம் இருக்கிறது, அதன் மிச்சத்தில்தான் வாழ்கிறார்கள் என்று மாமியார் திருப்பிக் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. நாடுகளை ஒப்பிட்டு இதைத் தீர்க்க முடியாது. குழந்தைகளைப் பார்ப்பது மேல்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரி, தவறு என்ற உணர்வு மனிதர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து வாழ்வதிலிருந்து வருகிறது. அதன் வேர் மதங்களைவிட மிகப் பழையது. மதங்கள் அதை எடுத்துக்கொண்டு கதையும் சடங்கும் கொடுத்தன. சில இடங்களில் விரிவாக்கின, சில இடங்களில் குறுக்கின. பக்தி உள்ளவர்களும் கடவுளின் கட்டளையை எடைபோட அந்தப் பழைய அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கடைசி வாக்கியம் பலருக்குக் கசக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பால்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போதெல்லாம் அங்குள்ள பிள்ளைகளிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வரலாமா? "கூடாது." டீச்சரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டால்? "அப்ப வரலாம்." அடுத்தது: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கிள்ளலாமா? "கூடாது." டீச்சரே கிள்ளிக்கோ என்று சொல்லிவிட்டால்? இங்கே பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். "டீச்சர் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்பான் ஒருவன். "சொன்னாலும் கூடாது, அவனுக்கு வலிக்கும்ல" என்பாள் இன்னொருத்தி. நான்கு வயதுதான் இருக்கும். டீச்சரின் சொல்லால் உண்டான விதி எது, டீச்சரின் சொல்லையும் தாண்டி நிற்கும் விதி எது என்று அந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுபதுகளிலிருந்து பல நாடுகளில் பார்த்துப் பார்த்து எழுதியது.

டீச்சர் இருக்கட்டும், கடவுள் என்று வந்தால்? டூரியலும் லாரி நூச்சியும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு சரியாக இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. அவர்கள் போனது நாத்திகர் வீடுகளுக்கு இல்லை. பைபிளை வரிக்கு வரி கடைப்பிடிக்கும் ஆமிஷ்-மெனோனைட் கிறிஸ்தவப் பிள்ளைகளிடமும், ஆசாரமான யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்று பைபிளில் எழுதியிருக்காவிட்டால் வேலை செய்யலாமா? செய்யலாம் என்றார்கள் பிள்ளைகள். கடவுள் சொன்னதால்தானே அந்த விதி. திருடக்கூடாது என்று எழுதியிருக்காவிட்டால் திருடலாமா? கூடாது. கடவுளே திருடச் சொல்லி எழுதியிருந்தால்? அப்போதும் பெரும்பாலோர் தவறுதான் என்றார்கள். கடவுள் அப்படிச் சொல்லவே மாட்டார் என்று வாதாடியவர்களும் உண்டு. அந்த வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கடவுள் எதைச் சொல்ல மாட்டார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? திருட்டு கெட்டது என்று முதலில் தெரிந்திருந்தால்தான், நல்லவரான கடவுள் அதைச் சொல்ல மாட்டார் என்ற முடிவுக்கு வர முடியும். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பக்தியான வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தத்துவமும் படிக்காமல் இரண்டாவது பக்கம் சாய்கிறார்கள்.

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு பலமான மறுப்பு வந்தது. அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. ரிச்சர்ட் ஷ்வேடர் என்ற மானுடவியலாளரும் அவருடைய சகாக்களும் புவனேஸ்வரத்தின் பழைய கோயில் பகுதியில் வாழ்ந்த மக்களிடமும் சிகாகோ மக்களிடமும் 39 சம்பவங்களைச் சொல்லி, இதில் எது தவறு, எவ்வளவு பெரிய தவறு என்று கேட்டு 1987-ல் வெளியிட்டார்கள். புவனேஸ்வரத்துப் பிராமணப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் மோசமானது என்று சொன்னது எதைத் தெரியுமா? தகப்பன் செத்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டதை. கைம்பெண் மீன் சாப்பிடுவதும் பெரிய தவறு என்றார்கள். சொல்லாமல் சினிமாவுக்குப் போன மனைவியைக் கணவன் அடிப்பதைத் தவறு என்று பலர் நினைக்கவில்லை. சிகாகோவில் இவையெல்லாம் தலைகீழ். ஆகவே, பிறர்க்குத் தீங்கு செய்வதுதான் தவறு என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்கிறார்கள் என்பது அமெரிக்கக் கதை; சரி, தவறு என்பதை ஊரும் மதமும்தான் ஊட்டுகின்றன என்றார் ஷ்வேடர்.

நம் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோழிக்கறிச் சம்பவம் விளங்காமல் போகாது. கருமாதி முடியும்வரை மகன் கவுச்சி தொடக்கூடாது என்பது வெறும் விதியாக மட்டும் இருந்ததில்லை. அவன் விரதத்தை முறித்தால் போன உயிர் கரை சேராது என்று வீட்டார் நம்புகிறார்கள். அப்படி நம்புகிற ஒருவருக்கு மகன் கோழி தின்றது உணவுப் பிரச்சினை இல்லை. பெற்ற தகப்பனை அவன் நட்டாற்றில் விட்டுவிட்டான். கைம்பெண் மீன் சாப்பிட்டால் இறந்த கணவனின் ஆவிக்குத் துன்பம் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். டூரியலின் குழு அதே விவரங்களை மறுபடி எடுத்துப் பார்த்து இதைத்தான் சொன்னது: செத்தவருக்கு என்ன ஆகும் என்பதில் இரண்டு ஊரும் வேறுபடுகின்றன, செத்தவருக்குக்கூடத் தீங்கு செய்யலாகாது என்பதில் வேறுபடவில்லை. அந்த 39-ல் இரண்டு ஊரும் ஒத்துப்போன இடங்களும் உண்டு. தெருவோரம் தூங்கும் நாயைப் போய் உதைக்கும் மனிதன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் பேனா வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, மகன் வாங்கிய பிறகு அந்தக் காசில் சிகரெட் வாங்கிக்கொண்ட அப்பா. புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் அந்த அப்பா செய்தது தவறுதான்.

மனைவியை அடிக்கும் சம்பவம் மட்டும் இந்த விளக்கத்துக்குள் அவ்வளவு சுலபமாக அடங்காது. அங்கே யாருக்கு வலிக்கிறது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அடிபடுகிறவளின் வலி கணக்கில் வராமல் போகிறது, அவ்வளவுதான். அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வேர். 1871-ல் டார்வின் எழுதினார்: கூட்டமாக வாழும் இயல்புள்ள எந்த விலங்குக்கும், அறிவு மட்டும் மனிதன் அளவுக்கு வளர்ந்துவிட்டால், மனசாட்சி போன்ற ஒன்று வந்தே தீரும் என்று. அதற்கான துண்டுகளை மற்ற உயிர்களிடம் பார்க்க முடிகிறது. 1964-ல் ஜூல்ஸ் மேசர்மனும் அவருடைய குழுவும் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனை கொடூரமானது. இன்று யாரும் அதற்கு அனுமதி தரமாட்டார்கள். சங்கிலியை இழுத்தால் குரங்குக்கு உணவு வரும், ஆனால் கண்ணெதிரே இருக்கும் இன்னொரு குரங்குக்கு மின் அதிர்ச்சி போகும். ஒரு குரங்கு ஐந்து நாள் சங்கிலியையே இழுக்கவில்லை. இன்னொன்று பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தது. சாமியும் சாத்திரமும் இல்லாத உயிர்கள்.

மனிதக் குழந்தைகளில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006-ல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார், கிளிப் கை தவறிக் கீழே விழுகிறது, குனிந்து எட்டப் பார்க்கிறார், எட்டவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை எழுந்து தள்ளாடிப் போய் எடுத்துக் கொடுக்கிறது. அதே கிளிப்பை அவரே வேண்டுமென்று கீழே எறிந்தால் குழந்தை பேசாமல் இருக்கிறது. உதவி தேவைப்படுகிறதா என்று பார்த்துத்தான் செய்கிறது. யாரும் கேட்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஆறு மாதக் குழந்தையே நல்ல பொம்மைக்கும் கெட்ட பொம்மைக்கும் வித்தியாசம் பார்க்கும் என்ற 2007-ம் ஆண்டு ஆய்வையும் நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். அதை ஆதாரமாக வைக்காதீர்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மறுபடி சோதித்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை.

ஈர இதயம் மட்டும் போதாது, விதியும் வேண்டுமே? விதிகளை மனிதர்கள் எப்படி உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்குக் கலஹாரிப் பாலைவனத்து குங் மக்களின் வேட்டை நல்ல உதாரணம். அறுபதுகளில் அவர்களோடு தங்கியிருந்த மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ இதைப் பதிந்திருக்கிறார். பெரிய மிருகத்தை வீழ்த்தியவன் ஊருக்குத் திரும்பி, ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். மறுநாள் இறைச்சி தூக்க வருகிறவர்கள், இந்த எலும்புக்கூட்டுக்கா எங்களை இவ்வளவு தூரம் நடக்கவிட்டாய் என்று கரித்துக்கொட்டுவார்கள். கொழுத்த மிருகமானாலும் பேச்சு அதுதான். பெரிய வேட்டைக்காரன் என்ற நினைப்பு தலைக்கேறினால் ஒருநாள் அவன் மற்றவர்களை அடக்கி ஆளப் பார்ப்பான், கொல்லவும் செய்வான். அதனால்தான் அவன் நெஞ்சைக் குளிரவைக்கிறோம் என்று ஒரு பெரியவர் லீயிடம் விளக்கினார். அவர்களுக்கும் தெய்வங்கள் உண்டு. ஆனால் தலைக்கனத்தை அடக்கி இறைச்சியைப் பங்கு போடவைப்பது அக்கம்பக்கத்தின் வாய்.

இனி மாமியாரின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். சரி எது என்று தெரிந்தாலும், தண்டனையோ பலனோ இல்லையென்றால் யார் செய்வார்கள்? புறநானூற்றின் 134-ம் பாட்டில் முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழும்போது, இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கும் 'அறவிலை வணிகன்' அவன் அல்லன் என்கிறார். மேலுலகம் இல்லை என்றாலும் ஈதலே நன்று என்பது 222-ம் குறள். புண்ணியக் கணக்கு இல்லாமலும் கொடுக்கலாம், அதுவே உயர்ந்தது என்ற பேச்சு இந்த மொழிக்குப் புதிதில்லை. மாமியாருக்கும் அந்தக் குறள் தெரிந்திருக்கும். வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2008-ல் செய்த அடுத்த ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. இருபது மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவி செய்யும்போதெல்லாம் விளையாட்டுப் பொருள் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு பரிசை நிறுத்திப் பார்த்தபோது, பரிசு வாங்கிப் பழகியவர்கள்தான் குறைவாக உதவினார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் 2019-ல் வெளியான பணப்பை ஆய்வைப் பாருங்கள். இந்தியா உட்பட 40 நாடுகள், 355 நகரங்கள், 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைகள். வங்கி, தபால் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் "இதைத் தெருவில் கண்டெடுத்தேன், எனக்கு அவசரம்" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே ஒரு சாவி, மளிகைச் சீட்டு, தொலைத்தவரின் முகவரி அட்டை இருக்கும். சில பைகளில் பணமும் இருக்கும். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். பொருளாதார வல்லுநர்களாலும் முடிவைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. நடந்தது எதிர்மாறு. பணம் இல்லாத பைகளில் சுமார் 40 சதவீதத்துக்கும், பணம் இருந்தவற்றில் சுமார் 51 சதவீதத்துக்கும் உரியவரைத் தொடர்புகொண்டார்கள். மூன்று நாடுகளில் தொகையை ஏழு மடங்காக்கிப் பார்த்தபோது திருப்பிக் கொடுப்பது இன்னும் கூடியது. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, தொலைத்தவர்மேல் உள்ள அக்கறை. சாவி போன்ற, அவருக்கு மட்டுமே பயன்படும் பொருள் உள்ளே இருந்தால் அதிகம் பேர் திருப்பினார்கள். இன்னொன்று, தொகை பெரிதாகப் பெரிதாக அதை வைத்துக்கொள்வது திருட்டாகவே மனதில் உறைக்கிறது. தன்னைத் திருடனாகப் பார்க்க யாருக்கும் மனம் ஒப்புவதில்லை. ஆடம் ஸ்மித் 1759-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையை மெல்ல மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டு, நம்மை நாமே பாரபட்சமில்லாமல் பார்க்கக் கற்கிறோம் என்பது அவர் வாதம். யாரும் பார்க்காதபோது பார்க்கிறவர் நமக்குள் இருக்கும் அந்தப் பார்வையாளர்தான்.

பாதிப் பைகள் திரும்பவே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இந்த உணர்வு பலவீனமானது. 1973-ல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியாராகப் போகும் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவ நின்றார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். ஆய்வில் இருந்தவர்களில் பாதிப்பேர் பேசப் போய்க்கொண்டிருந்ததே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு ஓர் அந்நியன் உதவிய பைபிள் கதையான நல்ல சமாரியன் கதையைப் பற்றித்தான். மதம் கற்றவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நாத்திகனுக்கும் நேரமானால் இதே கதிதான்.

அதைவிடப் பெரிய குறை, அந்த உணர்வின் வட்டம் சிறியது என்பது. நம்மவன் வலி தெரிகிறது, அடுத்தவன் வலி தெரிவதில்லை. இங்கே மதங்களுக்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். ஜோசஃப் ஹென்ரிக்கின் குழு 2010-ல் பதினைந்து சமூகங்களில் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஒருவரோடு பணத்தைப் பங்கிடுவதில் சந்தைப் பழக்கம் உள்ளவர்களும், கிறிஸ்தவம், இஸ்லாம் போன்ற உலக மதங்களைச் சேர்ந்தவர்களும் கூடுதல் நியாயமாக நடந்துகொண்டார்கள். ஒரே நம்பிக்கை என்ற பெயரில் அந்நியரைச் சொந்தமாக்கிக்கொள்ள மதம் உதவியிருக்கிறது. அதே மதத்தின் பெயரில் பக்கத்துத் தெருக்காரரை அந்நியராக்கவும் முடிந்திருக்கிறது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1924-ல் போராட்டம் தொடங்கியது. பெரியார் சிறைக்குப் போனார். 1925 மார்ச்சில் காந்தி அங்கே போய் நம்பூதிரிகளோடு உட்கார்ந்து பேசினார். முற்பிறவி வினையால்தான் அவர்கள் அப்படிப் பிறந்திருக்கிறார்கள் என்பது நம்பூதிரிகளின் வாதம். காந்தியும் கர்மாவை நம்பியவர், மறுபிறவியை நம்பியவர். அப்படியே இருந்தாலும் அவர்களைத் தண்டிக்க நாம் யார் என்று கேட்டார். ஒரே மதம், ஒரே வினைக் கோட்பாடு, இரண்டு எதிரெதிர் முடிவுகள். சாத்திரம் அங்கே எதையும் தீர்க்கவில்லை. சாத்திரத்தை எப்படி வாசிப்பது என்பதையே வேறொன்று தீர்த்தது: தடுக்கப்பட்டவர்கள் தடையின் முன் வந்து நின்று, எங்களுக்கு வலிக்கிறது என்று சத்தமாகச் சொன்னது. மதம் இல்லாத பெரியாருக்கும், மதத்தில் ஊறிய காந்திக்கும் அந்தக் குரல் கேட்டது.

முன்பு பாதியில் விட்ட, அடிபடும் மனைவியின் விஷயமும் இதுதான். வட்டத்தை விரிப்பது தானாக நடப்பதில்லை. விடப்பட்டவர்கள் பேச வேண்டும். மற்றவர்கள், எனக்கு ஒரு நியாயம் அவளுக்கு ஒரு நியாயமா என்று தன்னையே கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் தவிக்க வேண்டும். பரிணாமத்தில் வந்த உணர்வு என்றால் அது வெறும் பிரமைதானே என்று சிலர் கேட்பார்கள். எண்ணும் திறனும் பரிணாமத்தில் வந்ததுதான். அதனால் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது பிரமை ஆகிவிடாது. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, சரியா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உங்கள் மகளுக்கு இதனால் என்ன செய்யலாம்? அவள் யாரையாவது அடித்துவிட்டால் "சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி சொல்வார். நீங்கள் "அப்பா வந்து உதைப்பார்" என்று சொன்னால் அதுவும் அதே ரகம்தான். அவள் கவனம் முழுக்கத் தனக்கு என்ன ஆகும் என்பதில் போய்விடும். "அவன் முகத்தைப் பார், ஏன் அழுகிறான்? இப்போது என்ன செய்தால் அவனுக்குச் சரியாகும்?" என்று கேளுங்கள். அடித்தால் என்ன தண்டனை என்பதைவிட அடிபட்டவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் காட்டி வளர்க்கும் முறையைப் பற்றி உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறார். அற உணர்வு மனதில் ஊன்ற அதுவே கைகொடுக்கிறது என்பது அவர் முடிவு. மாமியார் சொல்லும் கதைகளையும் தடுக்காதீர்கள். அவள் "ராமர் ஏன் சீதையைக் காட்டுக்கு அனுப்பினார், அது தப்பில்லையா?" என்று கேட்டால் இருவருமாக உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று நான்கு வருடத்தில் அவள் தெருப் பிள்ளைகளோடு விளையாடப் போவாள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சுவிட்சர்லாந்தில் கோலிக்குண்டு ஆடும் பையன்களிடம் விதிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத்தான் 1932-ல் தன் நூலை எழுதினார். சின்னவர்கள் விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே முடியாதது என்றார்கள். பத்துப் பதினோரு வயதுக்காரர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம், எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்தால் போதும் என்றார்கள். அந்த மாற்றம் சம வயதுக்காரர்களோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆவதில்தான் வருகிறது என்று பியாஜே கருதினார். அதனால் அவுட்டா இல்லையா என்று தெருவில் கூச்சல் கிளம்பினால் உடனே இறங்கிப்போய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாரும் யாரையும் அடிக்காதவரை விடுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒரு ஏற்பாட்டுக்கு வந்து ஆட்டத்தைத் தொடர்ந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன முடிவு செய்தீர்கள், ஏன் என்று மட்டும் கேளுங்கள்.